சத்திரமும் விடுதியும்: இயேசு பிறப்புக் கதையாடலின் தமிழ்ப் பொருளும் திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில் வழித்தடமும்

ஆய்வுச் சுருக்கம்

இயேசுவின் பிறப்பைக் கூறும் நற்செய்திக் கதையாடல்களுக்கு இன்றைய கிறித்தவ இறையியல் தரும் பொருளை, தமிழ் மொழிபெயர்ப்புச் சொற்களின் வழியாக இக்கட்டுரை ஆராய்கிறது. லூக்கா நற்செய்தி 2:7-இல் வரும் ஒரு கிரேக்கச் சொல் 1871-ஆம் ஆண்டின் திருப்புதலில் ‘சத்திரம்’ என்றும், 1995-ஆம் ஆண்டின் பொது மொழிபெயர்ப்பில் ‘விடுதி’ என்றும் பெயர்க்கப்பட்டுள்ளது. இச்சொல் மாற்றத்தைத் தமிழகச் சத்திர மரபோடும், திருப்பெரும்புதூர் – ஒரகடம் பகுதியில் பெண் தொழிலாளர் தங்கும் விடுதிகளோடும் ஒப்பிட்டு, பிறப்புக் கதையாடல் இன்று எழுப்பும் கேள்வி எதுவென நிறுவுவது கட்டுரையின் நோக்கம்.

திறவுச்சொற்கள்: பிறப்புக் கதையாடல், லூக்கா, தேம்பாவணி, அவதாரம், சத்திரம், விடுதி, திருப்பெரும்புதூர்.

1. முன்னுரை

சமயப் பெரியோரின் பிறப்பைக் கதையாகச் சொல்லும் வழக்கம் எல்லாச் சமயங்களுக்கும் பொது. அக்கதைகள் உண்மையில் நிகழ்ந்தனவா என்பது ஒரு கேள்வி. அவை என்ன பொருள் தருகின்றன என்பது வேறொரு கேள்வி. கடந்த நூற்றாண்டின் விவிலிய ஆய்வு முதற்கேள்வியில் நெடுங்காலம் நின்றது. இக்கட்டுரை இரண்டாம் கேள்வியை எடுத்துக்கொள்கிறது. ஒரு கதையின் பொருள் அது வாசிக்கப்படும் மொழியையும் இடத்தையும் சார்ந்தது. ஆதலின் மொழிக்குத் தமிழும், இடத்திற்குத் திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில் வழித்தடமும் ஆய்வுக் களங்களாகக் கொள்ளப்பட்டன.

இக்களத்தைத் தேர்ந்தமைக்குக் காரணம் இரண்டு. ஒன்று, திருப்பெரும்புதூர் தமிழ்ச் சமய வரலாற்றில் ஒரு பிறப்புத் தலம். மற்றொன்று, 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது முதல் வளர்ந்துவரும் தொழிற்சாலைகளால், அது இன்று வெளியூர்களிலிருந்து வந்து தங்கி உழைப்போரின் ஊராக மாறியுள்ளது. பிறப்பு, தங்குமிடம் ஆகிய இரண்டும் கூடும் இடம் இது. லூக்கா சொல்லும் கதையும் இவ்விரண்டும் கூடும் கதையே.

2. பிறப்புக் கதையாடல்: இன்றைய இறையியல் நோக்கு

நான்கு நற்செய்திகளுள் மத்தேயு, லூக்கா ஆகிய இரண்டே இயேசுவின் பிறப்பைக் கதையாக விரிக்கின்றன. மாற்கு திருமுழுக்கிலிருந்து தொடங்குகிறார். யோவான் படைப்புக்கு முந்தைய வாக்கிலிருந்து தொடங்குகிறார். நற்செய்திகளுக்கு முன்பே எழுதிய பவுல், கலாத்தியர் திருமுகத்தில் (4:4) அவர் ஒரு பெண்ணிடம் பிறந்தார் என்பதற்கு மேல் எதுவும் கூறவில்லை.

கதை சொல்லும் இருவரும் ஒரே கதையைச் சொல்லவில்லை. மத்தேயுவில் கனவுகளைப் பெறுபவர் யோசேப்பு. வணங்க வருவோர் ஞானியர். பின்புலம் ஏரோதின் கொலையும் எகிப்துக்கு ஓடுதலும். லூக்காவில் தூதர் வருவது மரியாவிடம். வணங்க வருவோர் இடையர். பின்புலம் அரசாணைப்படியான மக்கள்தொகைப் பதிவு. ஏரோது கி.மு. 4-இல் இறந்தான் என்பது பெரும்பான்மை வரலாற்றாசிரியர் கருத்து. குரேனியு நடத்திய பதிவோ கி.பி. 6-ஐச் சார்ந்தது. எனவே இரு கதைகளையும் ஒரே காலக்கோட்டில் பொருத்துவது கடினம்.

இச்சிக்கலை இறையியலாளர் இரு வகையாக எதிர்கொண்டனர். கத்தோலிக்க விவிலிய அறிஞர் ரேமண்ட் பிரவுன், மெசியாவின் பிறப்பைப் பற்றி 1977-இல் வெளியிட்ட பெருநூலில், இக்கதைகளை நற்செய்தி முழுவதன் சுருக்கமாகக் கண்டார். சிலுவையிலும் உயிர்ப்பிலும் அறியப்பட்டவரைப் பற்றிய நம்பிக்கை பின்னோக்கிச் சென்று தொட்டிலைத் தொட்டது என்பது அவர் விளக்கம். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2012-இல் வெளியிட்ட இயேசுவின் குழந்தைப் பருவம் பற்றிய நூலில், கன்னிப் பிறப்பை நிகழ்வாகவே வலியுறுத்தினார். எனினும் குடிலில் நாம் வைக்கும் மாடும் கழுதையும் நற்செய்தியில் குறிப்பிடப்படவில்லை என்பதை அவரும் சுட்டினார். நிகழ்வா நம்பிக்கையா என்பதில் இருவரும் வேறுபட்டாலும், பிறப்புக் கதை ஓர் அறிக்கை, அதாவது இறைவன் எங்கே, யாரிடையே தம்மை வைத்தார் என்னும் அறிக்கை, என்பதில் முரண்படவில்லை.

இவ்வறிக்கையின் திறவுகோல் ‘எங்கே’ என்னும் சொல். அதனைப் புரிந்துகொள்ள, இக்களத்திலேயே வழங்கும் மற்றொரு பிறப்பு வரலாறு துணைசெய்கிறது.

3. பிறப்பும் தலமும்: இராமாநுசர் பிறப்பு வரலாறு

1017-ஆம் ஆண்டு, சித்திரைத் திருவாதிரையில் இராமாநுசர் திருப்பெரும்புதூரில் தோன்றினார் என்பது வைணவ மரபு. தந்தை ஆசூரி கேசவ சோமயாஜி, தாய் காந்திமதி. மகப்பேறு வேண்டித் திருவல்லிக்கேணியில் வேள்வி செய்தபின் பிறந்த பிள்ளை, ஆதிசேடனின் அவதாரம் எனப் போற்றப்படுகிறது. தாய்மாமன் பெரிய திருமலை நம்பி பிள்ளைக்கு இளையாழ்வார் என்று பெயரிட்டார். சேடனே இலக்குவனாகவும் வந்தான் என்னும் நம்பிக்கை அப்பெயருக்குள் உள்ளது. திருமாலுக்கும் அடியார்க்கும் தொண்டு செய்த ஒரு வாழ்வின் பொருள், தொட்டிலில் இட்ட பெயரிலேயே முன்கூட்டிச் சொல்லப்படுகிறது. பிரவுன் நற்செய்திகளில் கண்ட பின்னோக்கிய எழுத்து இங்கும் செயற்படுகிறது.

ஒப்புமையைவிட வேறுபாடு இங்கு முதன்மையானது. இராமாநுசர் பிறப்பு வரலாற்றில் ஊர், வீடு, குலம், தாய்மாமன் என உறவுகளும் இடமும் நிறைவாக உள்ளன. பிறப்பு ஊரை அவதாரத் தலமாக்குகிறது. இன்றும் திருப்பெரும்புதூருக்கு வருவோர் பிறப்பின் பொருட்டே வருகின்றனர். லூக்காவின் கதையிலோ பிறப்பு நிகழ்வது வாழும் ஊரில் அன்று. நாசரேத்தில் வாழ்ந்தவர்கள் ஆணைக்குப் பணிந்து பெத்லகேமுக்கு வருகின்றனர். அது முன்னோர் ஊராயினும் அங்கு அவர்களுக்கு இடமில்லை.

இவ்விடத்தில் தமிழ் வாசகர் ஒருவர் மற்றொன்றையும் கவனிப்பார். முதற்பேற்றுக்குப் பெண் தாய்வீடு செல்வது தமிழ் வழக்கம். வளைகாப்பின் முடிவில் அவளை அழைத்துச் செல்வது பிறந்த வீட்டின் உரிமை. லூக்காவில் மரியா பேற்றுக்குச் செல்வது கணவனின் முன்னோர் ஊருக்கு. உறவினளான எலிசபெத்தோடு ஏறத்தாழ மூன்று மாதம் தங்கியவர், பேற்றுக்காலத்தில் எந்தப் பெண் துணையும் குறிப்பிடப்படாதவராக நிற்கிறார். தமிழ்ச் செவிக்கு இக்கதையின் முதல் இழப்பு தாய்வீடு. தங்குமிடம் அதற்கு அடுத்தது.

4. தமிழ்க் கிறித்தவ மரபில் பிறப்புச் சொற்கள்

பிறவியை நீங்கவேண்டிய துன்பமாகக் காணும் சமயச் சூழலில், கடவுள் பிறந்தார் என்று சொல்வது எளிதன்று. சைவம் சிவனைப் பிறவாதவனாகப் போற்றும். வைணவம் அவதாரத்தை ஏற்கும். தமிழ்க் கிறித்தவப் புலவர்கள் இவ்விரண்டிற்கும் இடையில் சொற்களைத் தேட நேர்ந்தது.

வீரமாமுனிவர் 1726-இல் நிறைவுசெய்த தேம்பாவணி 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. அதன் தலைவர் இயேசு அல்லர். வளன் எனப் பெயர்பெற்ற யோசேப்பு. படலப் பெயர்களில் ஒரு நுட்பமான வேறுபாடு உள்ளது. வளனின் பிறப்பைக் கூறும் பகுதி ‘வளன் சனித்த படலம்’. இயேசுவின் பிறப்பைக் கூறும் பகுதி ‘மகவருள் படலம்’. மனிதன் சனிக்கிறான், இறைமகனோ அருளப்படுகிறான். பிறவி என்னும் சொல்லின் வினைத்தொடர்பை விலக்கி, பிறப்பை அருளாகப் பெயர்த்த இறையியல் தெளிவு இத்தலைப்பில் உள்ளது. இவ்விரு படலங்களுக்கும் இடையில் ஐயந்தோற்று படலமும் ஐயநீங்கு படலமும் வருகின்றன. கருவுற்ற பெண்ணைப் பற்றிய ஓர் உழைப்பாளியின் ஐயம் காப்பியத்தில் தனிப்படலமாகிறது. மத்தேயு சில வசனங்களில் கடந்துசென்றதை வீரமாமுனிவர் நின்று பார்க்கிறார்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சென்னையைச் சேர்ந்த வி. சக்கரைச் செட்டியார் (1880–1958), இயேசுவை அவதாரம் என்னும் சொல்லாலேயே விளக்க முற்பட்டார். பிற அவதாரங்கள் தோன்றி மறைவன. இயேசுவின் அவதாரமோ ஆவியின் வழியாகத் தொடர்ந்து செயற்படுவது, முடிவுறாதது என்பது அவர் கோட்பாடு. இறையியலாளரான இவர் தொழிற்சங்கத் தலைவருமாவார். சென்னை மேயராகவும், அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைவராகவும் பணியாற்றினார். பிறப்பு ஓர் இரவில் முடிந்த நிகழ்வன்று என்று எழுதியவர் தொழிலாளரிடையே பணிசெய்தவர் என்பது இக்கட்டுரையின் பொருளுக்கு நெருக்கமானது. மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு (1940–2005), நாட்டார் இசையையும் எளியோர் மொழியையும் இறையியலின் ஊடகமாக்கி இத்திசையை மேலும் விரித்தார்.

5. சத்திரம், சாவடி, விடுதி

லூக்கா 2:7-இல் இடமில்லாத இடத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ‘கட்டாலுமா’. இதே சொல்லை லூக்கா 22:11-இல் இயேசு சீடரோடு இறுதி உணவு உண்ட அறைக்கும் ஆள்கிறார். நல்ல சமாரியர் காயமுற்றவரைக் கொண்டுசேர்த்த, காசு கொடுத்துத் தங்கும் இடத்தைக் குறிக்கும்போது (10:34) ‘பண்டோகெய்யோன்’ என்னும் வேறு சொல்லை ஆள்கிறார். இவ்வேறுபாட்டைக் கொண்டு கென்னத் பெய்லி முதலிய அறிஞர்கள், 2:7-இல் உள்ளது உறவினர் வீட்டின் விருந்தினர் அறையே எனக் கருதினர். கிறிஸ்துமசு நாடகங்களில் கதவடைக்கும் இரக்கமற்ற சத்திரக்காரர் லூக்காவில் இல்லவே இல்லை. இடமின்மைக்கு ஒரு கொடியவர் காரணமல்லர். பதிவாணையால் ஊர் நிறைந்ததே காரணம் என்று வாசிக்க இடமுண்டு.

1871-ஆம் ஆண்டின் திருப்புதல் இவ்விரு கிரேக்கச் சொற்களையும் ‘சத்திரம்’ என ஒன்றாகவே பெயர்த்தது. 1995-ஆம் ஆண்டின் திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு, முன்னதை ‘விடுதி’ என்றும் பின்னதைச் ‘சாவடி’ என்றும் பிரித்தது. பிள்ளையைக் கிடத்திய இடமும் ‘முன்னணை’யிலிருந்து ‘தீவனத் தொட்டி’யாயிற்று.

மொழிபெயர்ப்பின் துல்லியம் என்னும் அளவில் பிற்காலத்தது முன்னேற்றமே. ஆயினும் ‘சத்திரம்’ என்னும் சொல் தமிழ் வாசகர்க்குத் தந்த பொருளை எண்ணிப்பார்த்தல் வேண்டும். தமிழகத்தில் சத்திரம் என்பது வணிக இடமன்று, அறக்கட்டளை. வழிப்போக்கர்க்கு உணவும் இடமும் விலையின்றித் தருவதற்கென அரசரும் செல்வரும் நிறுவியது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில், தம் முன்னோரின் சத்திரங்களில் நடைபெறும் அறங்களை விவரிக்கிறார். நோயுற்ற பயணிகளுக்கு மருத்துவம், குழந்தைகளுக்குப் பால் ஆகியவற்றோடு, கருவுற்ற பெண்கள் அங்கே பிள்ளை பெற்றால் செலவை அரசே ஏற்பதும், பேற்றுக்குப்பின் மூன்று மாதம் தங்க இசைவளிப்பதும் அதில் இடம்பெறுகின்றன. சத்திரங்களில் சாதி வேறுபாடு இருந்தது என்பதை மறத்தலாகாது. எனினும் கருவுற்ற பெண்ணுக்கு இடமளித்தல் சத்திரத்தின் கடமை என்னும் கருத்து வழக்கில் இருந்தது.

இம்மரபை அறிந்த 19-ஆம் நூற்றாண்டுத் தமிழர், சத்திரத்தில் ஒரு நிறைசூலிக்கு இடமில்லை என்பதைக் கேட்டபோது, அது வாய்ப்புக்குறைவாக மட்டும் ஒலித்திராது. அறம் பிழைத்த செய்தியாகவே ஒலித்திருக்கும். மூலத்தைவிட மொழிபெயர்ப்பு கடுமையாகக் குற்றஞ்சாட்டுகிறது. கிரேக்கத்தில் நெரிசலாக இருந்தது தமிழில் அறக்கேடாயிற்று.

சொற்பிறப்பு நோக்கிலும் ஒரு குறிப்பு உண்டு. கட்டாலுமா, ‘அவிழ்த்தல்’ என்னும் பொருளுள்ள வினையடியிலிருந்து வந்தது. பயணி சுமையை அவிழ்த்து இளைப்பாறும் இடம் அது. தமிழில் ‘விடுதி’யும் ‘விடு’ என்னும் அடியினது. வீடு, விடுதலை ஆகியனவும் அவ்வடியைச் சார்ந்தனவே. ஆதலின் ‘விடுதி’ பொருளிலும் அடிச்சொல்லிலும் மூலத்திற்கு அணுக்கமான பெயர்ப்பு.

6. தொழில் வழித்தடத்தில் விடுதி

சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில், திருப்பெரும்புதூருக்கு மேற்கே சுங்குவார்சத்திரம் உள்ளது. பழைய மொழிபெயர்ப்பின் சொல் அங்கே ஊர்ப்பெயரில் எஞ்சியுள்ளது. ஆனால் இன்று அவ்வட்டாரத்தில் பேச்சிலும் அறிவிப்புப் பலகையிலும் வழங்கும் சொல் ‘விடுதி’ அல்லது ‘ஹாஸ்டல்’. சத்திரம் என்னும் சொல்லில் அறம் இருந்தது. விடுதி என்னும் சொல்லில் ஒழுங்கு இருக்கிறது: நுழைவு நேரம், பேருந்து நேரம், முறைப்பணி அட்டவணை, படுக்கை எண்.

2021 டிசம்பர் நடுவில் இவ்விடுதிகள் தலைப்புச் செய்தியாயின. ஃபாக்ஸ்கான் ஆலையில் பணியாற்றிய பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகிப் பலர் நோயுற்றனர். உடன்பணியாற்றியோர் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரியில் மீண்டும் திறந்தது. கிறித்தவ வழிபாட்டு ஆண்டில் அது திருவருகைக் காலத்தின் இறுதி வாரம். ‘விடுதியில் இடமில்லை’ என்னும் வாசகப்பகுதிக்காகத் திருச்சபைகள் ஆயத்தமாகும் வாரம்.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் கட்டப்பட்ட 18,720 படுக்கைகள் கொண்ட பெண் தொழிலாளர் குடியிருப்பைத் தமிழ்நாடு முதலமைச்சர் திறந்துவைத்தார். முந்தைய நெரிசலுக்கு இது ஒரு விடை என்பதில் ஐயமில்லை. அதற்கு இரு மாதங்களுக்கு முன், 2024 ஜூனில், திருமணமான பெண்கள் ஐபோன் இணைப்புப் பணிகளுக்குத் தவிர்க்கப்படுகின்றனர் என்று ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் எழுதியது. நிறுவனம் அதனை மறுத்தது. ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது.

இவ்விரு செய்திகளையும் சேர்த்து வாசிக்கும்போது லூக்காவின் கதை ஒரு புதிய கேள்வியாகிறது. பெத்லகேமில் இடமில்லை, ஆனால் பிறப்பு நிகழ்ந்தது. இங்கே இடம் உண்டு. ஆனால் அது படுக்கையால் அளக்கப்படும் இடம். படுக்கை என்னும் அளவு ஒருவரை மட்டுமே கொள்ளும். அதில் தொட்டிலுக்குக் கணக்கில்லை. சரபோஜியின் சத்திரம் வழியில் வந்த பெண்ணைக் கருவோடு ஏற்றது. இன்றைய விடுதியின் அமைப்பு, பெண்ணை உறவுகளிலிருந்து பிரித்தே ஏற்கிறது. ஆகவே ‘இடம் உண்டா’ என்னும் கேள்வி போதுமானதன்று. ‘எந்த நிலையில் இருப்பவருக்கு இடம் உண்டு’ என்பதே இக்கதை இன்று கேட்கும் கேள்வி.

கதையின் மற்றொரு கூறும் இக்களத்தில் உயிர்பெறுகிறது. பிறப்புச் செய்தியை முதலில் பெற்றவர்கள் இரவில் முறைவைத்துக் காவல் காத்த இடையர்கள். லூக்கா ஆளும் கிரேக்கச் சொல் இரவின் சாமங்களைச் சுட்டுவது. இரவுப்பணி முடித்து விடியலில் நிறுவனப் பேருந்தில் திரும்புவோர்க்கு அவ்விடையரின் நிலை விளக்கமின்றிப் புரியும். நற்செய்தி உறங்கியோர்க்கு அன்று, விழித்து உழைத்தோர்க்கே முதலில் அறிவிக்கப்பட்டது.

7. வாசிப்பின் எல்லைகள்

இவ்வாசிப்புக்கு எதிராக மூன்று கருத்துகளை முன்வைக்கலாம். முதலாவது, விடுதியை முற்றும் குறையாகக் காண்பது ஒருதலையானது. சிற்றூர்களிலிருந்து வரும் பெண்களுக்கு விடுதி முதற்சம்பளத்தையும், திருமணத்தைத் தள்ளிவைக்கும் உரிமையையும் தந்துள்ளது. ‘விடுதலை’யின் அடி அங்கும் உண்டு. இது ஏற்கத்தக்கது. கட்டுரையின் வாதம் விடுதி வேண்டாம் என்பதன்று. தாய்மை அவ்விடுதலைக்கு விலையாகலாகாது என்பதே.

இரண்டாவது, மரியாவை உழைக்கும் பெண்ணின் உருவகமாக மட்டும் சுருக்கினால் கதையின் சமயப் பொருள் கரைந்துவிடும். இதற்கு வீரமாமுனிவரின் தலைப்பே விடை. ‘மகவருள்’ என்பதில் மகவும் உண்டு, அருளும் உண்டு. அருளை நீக்கினால் சமூகவியல் எஞ்சும். மகவை நீக்கினால் வெற்றுக் கோட்பாடு எஞ்சும்.

மூன்றாவது, இப்பகுதித் தொழிலாளருள் பெரும்பாலோர் கிறித்தவர் அல்லர். ஆயின் தாய்வீடு, சத்திரம், விடுதி ஆகிய சொற்கள் சமயங்கடந்த தமிழ்ச் சொற்கள். அவற்றின் வழியாக வாசிக்கப்படும் கதை, நம்பிக்கை கொண்டோர்க்கு அறிக்கையாகவும் பிறர்க்கு அறக்கேள்வியாகவும் நிற்கவல்லது.

8. முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. பிறப்புக் கதையாடல்கள் பின்னோக்கி எழுதப்பட்ட நம்பிக்கை அறிக்கைகள். இராமாநுசர் பிறப்பு வரலாறும் இயேசு பிறப்புக் கதையும் இதில் ஒத்துள்ளன. முன்னது பிறப்பால் தலத்தை நிலைநிறுத்த, பின்னது தலமற்ற நிலையில் பிறப்பை வைக்கிறது.

2. தேம்பாவணியின் ‘சனித்த’, ‘மகவருள்’ என்னும் வேறுபாடு, பிறவி பற்றிய தமிழ்ச் சமயச் சிந்தனைக்கு ஒரு கிறித்தவப் புலவர் தந்த விடை.

3. ‘சத்திரம்’ என்னும் பெயர்ப்பு மூலத்திற்குத் தொலைவாயினும், தமிழ் அறமரபை உள்ளே கொணர்ந்து கதையைக் கூர்மையாக்கியது. ‘விடுதி’ என்னும் பெயர்ப்பு மூலத்திற்கு அணுக்கமாயினும், அதன் இன்றைய பொருளைத் தொழில் வழித்தடமே எழுதிவருகிறது.

4. திருப்பெரும்புதூர் – ஒரகடம் பகுதியில் இக்கதையின் பொருள், இடத்தின் அளவைப் பற்றியதன்று. இடத்தின் இயல்பைப் பற்றியது. உழைப்பை ஏற்று, உழைப்பவரின் உறவையும் கருவையும் வாயிலுக்கு வெளியே நிறுத்தும் எந்த இடமும், எத்தனை படுக்கை கொண்டதாயினும், லூக்காவின் சொல்லில் ‘இடமில்லாத’ இடமே.

தமிழ் விவிலியத்தின் பிற மொழிபெயர்ப்புகளிலும், தமிழ்க் கிறித்தவச் சிற்றிலக்கியங்களிலும் பிறப்புச் சொற்கள் அடைந்துள்ள மாற்றங்களை இம்முறையில் ஆராய்வது, மொழிபெயர்ப்பு வரலாற்றுக்கும் இறையியலுக்கும் ஒருங்கே பயன்தரும். வீடும் விடுதியும் ஒரே அடியில் பிறந்த சொற்கள். அவற்றுக்கிடையே இன்று விழுந்துள்ள இடைவெளியை அளக்க, தொழுவத்தில் பிறந்த பிள்ளையின் கதை ஓர் அளவுகோலாகப் பயன்படுகிறது.